கேஸா, பெட்ரோலா, ஸ்பிரிட்டா: பாலைக்கும் மலைக்கும் எந்த அடுப்பு?

முகாம் அடுப்பு வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் எடையைத்தான் முதலில் பார்க்கிறார்கள். 80 கிராம் அடுப்பையும் 400 கிராம் அடுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிவு எளிதாகத் தெரியும். ஆனால் முதுகில் ஏறுவது அடுப்பு மட்டுமல்ல, எரிபொருளும் அதை அடைத்த குப்பியும்தான். அதைவிடப் பெரிய கேள்வி, குடிக்கும் தண்ணீர் எங்கிருந்து வரப்போகிறது என்பது. பனியை உருக்கித்தான் குடிக்க வேண்டுமென்றால் அடுப்புதான் உங்கள் கிணறு. அது பழுதானால் மறுநாள் காலையிலேயே திரும்பி இறங்க வேண்டியதுதான். பாலைவனத்தில் நிலைமை நேர்மாறு. தண்ணீரைச் சுமந்துகொண்டுதான் போகிறீர்கள். அடுப்பு எரியாவிட்டால் ஆறிய சாப்பாடு, அவ்வளவுதான்.

ஆகவே இரண்டு விஷயங்களை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்: வழியில் தண்ணீர் எந்த வடிவில் கிடைக்கும், நடை தொடங்கும் ஊரில் எந்த எரிபொருள் விற்கிறது. இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் எரிபொருள் முடிவாகிவிடும். எரிபொருள் முடிவானால் அடுப்பும் ஏறக்குறைய முடிவாகிவிடும்.

இரண்டாவது கேள்வியைப் பலர் விமான நிலையத்தில்தான் சந்திக்கிறார்கள். கேஸ் குப்பி, பெட்ரோல், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் (எரிக்கும் ஆல்கஹால்), வில்லை எரிபொருள் (மாத்திரை வடிவத் திட எரிபொருள்) எதையும் பயணிகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது; கைப்பையிலும் கூடாது, சரக்குப் பையிலும் கூடாது. திரவ எரிபொருள் போட்ட அடுப்பையும் அதன் பாட்டிலையும் வாசனை இல்லாத அளவுக்குக் கழுவி உலர்த்தி, விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டுதான் கொண்டுபோக வேண்டும். போய் இறங்கும் இடத்தில் மண்ணெண்ணெய் மட்டும்தான் கிடைக்கும் என்றால், உலகத்தின் மிகச் சிறந்த கேஸ் அடுப்பாலும் அங்கே பயனில்லை.

முதலில் கணக்கு

10 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரை 90 டிகிரிக்குச் சூடாக்க சுமார் 335 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ பனியை உருக்க மட்டுமே 334 கிலோஜூல் வேண்டும். அதாவது ஒரு லிட்டரை ஏறக்குறையக் கொதிக்க வைக்கும் அளவு எரிபொருள் செலவான பிறகும், பாத்திரத்தில் இருப்பது 0 டிகிரித் தண்ணீர்தான். பனியிலிருந்து வெந்நீர் என்றால் செலவு இரட்டிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கிராம் கேஸில் சுமார் 46 கிலோஜூல் இருக்கிறது. பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் 43 முதல் 44, வில்லை எரிபொருளில் சுமார் 30, எத்தனால் ஸ்பிரிட்டில் சுமார் 27. இதில் பாதிதான் தண்ணீருக்குப் போய்ச் சேர்கிறது. மீதி காற்றோடு போகிறது. அப்படிப் பார்த்தால் ஒரு லிட்டர் வெந்நீருக்குக் கேஸ் 15 கிராம், ஸ்பிரிட் 25 கிராம். காற்று மறைவு இல்லாமல் எரித்தால் இது எளிதில் இரண்டு மடங்காகும்.

இரண்டு பேர், ஓடைத் தண்ணீர் கிடைக்கும் மலை, வெந்நீர் ஊற்றினாலே தயாராகும் உலர் உணவு என்றால் நாளைக்கு 3 லிட்டர் வெந்நீர் போதும். கேஸ் 45 கிராம். 230 கிராம் குப்பி ஒன்று 5 நாள் வரும். அதே இரண்டு பேர் பனியில் இருந்தால் நாளைக்கு 8 லிட்டர் உருக்கி, அதில் 3 லிட்டரைக் கொதிக்க வைக்க வேண்டும். கேஸ் சுமார் 180 கிராம் ஆகும். அதே குப்பி ஒன்றரை நாள்கூட வராது.

இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஓடைத் தண்ணீரைக் குடிப்பதற்காகவும் கொதிக்க வைத்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும். 2000 மீட்டருக்கு மேல் 3 நிமிடம் கொதிக்க விட வேண்டும் என்பது வழக்கமான அறிவுரை. நாளைக்கு 8 லிட்டரை அப்படிக் கொதிக்க வைக்கிறவர் எரிபொருளில் பெரும்பகுதியை அதற்கே செலவிடுவார். குடிநீருக்கு வடிகட்டியோ மாத்திரையோ வைத்துக்கொள்வது நல்லது. நுண்குழல் வடிகட்டி ஒருமுறை உறைந்தால் உள்ளே விரிசல் விட்டு, வெளியே தெரியாமலே பயனற்றுப் போகும். இரவில் அதைத் தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ்: எங்கே சரி, எங்கே காலை வாரும்

உறைநிலைக்கு மேல் என்றால் கேஸுக்கு ஈடு இல்லை. திருகி மாட்டினால் அரை நிமிடத்தில் எரியும், சுடரைக் கூட்டிக் குறைக்கலாம், கரி பிடிக்காது. குப்பி மேல் நேராக மாட்டும் அடுப்புகள் 75 முதல் 100 கிராம்தான்.

குளிரில் ஏன் மங்குகிறது என்பது குப்பிக்குள் இருக்கும் கலவையைப் பொறுத்தது. சாதாரண பியூட்டேன் மைனஸ் 0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது. ஐசோபியூட்டேனுக்கு அந்த எல்லை மைனஸ் 12, புரொப்பேனுக்கு மைனஸ் 42. இவை கடல்மட்டக் கணக்கு. உயரம் கூடக் கூட வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் எல்லை சற்றுக் கீழே இறங்கும். 5000 மீட்டரில் பியூட்டேனே மைனஸ் 16, 17 வரை ஆவியாகும். உயரம் கேஸுக்கு எதிரி என்று சொல்வார்கள். உண்மையில் எதிரி குளிர்தான்.

சிக்கல் பெரும்பாலும் புதுக் குப்பியில் வராது. கலவையில் புரொப்பேன் முந்திக்கொண்டு ஆவியாகி வெளியேறிவிடும். பாதி தீர்ந்த குப்பியில் மிஞ்சுவது கனமான பியூட்டேன். அதோடு, ஆவியாகும்போது திரவம் தன் சூட்டைத் தானே இழக்கும். பத்து நிமிடம் எரிந்த குப்பியைத் தொட்டால் வெளியே உறைபனி படிந்திருக்கும். குலுக்கினால் உள்ளே திரவம் சலசலக்கும், அடுப்பு மட்டும் எரியாது. மூன்றாம் நாள் விடியற்காலையில் கேஸ் தீர்ந்துவிட்டது என்று தூக்கிவைக்கப்படும் குப்பிகளில் பல இப்படிப்பட்டவைதான்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. குப்பியை இரவு தூங்கும் பைக்குள் வைத்துக்கொள்வது ஒன்று. எரியும்போது ஒரு தட்டில் இரண்டு சென்டிமீட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி அதில் நிறுத்துவது இன்னொன்று. கையால் தாங்கும் சூட்டுக்கு மேல் போகக் கூடாது. மூன்றாவது, குப்பியைத் தலைகீழாக வைத்து எரிப்பது. இதைக் குழாயால் இணைந்த அடுப்பில்தான் செய்ய முடியும், அதிலும் குழாய் சுடருக்குள் ஒருமுறை வளைந்து போகும் வகையாக இருக்க வேண்டும். அந்த வளைவில்தான் திரவம் சூடேறி ஆவியாகிறது. குப்பியை நிமிர்த்தியே ஏற்றி, ஒரு நிமிடம் எரியவிட்டு, பிறகு மெல்லக் கவிழ்க்க வேண்டும். அணைக்கும் முன் நிமிர்த்தி, குழாயில் இருப்பது எரிந்து தீரக் காத்திருக்க வேண்டும். ஆவியாக்கும் வளைவு இல்லாத அடுப்பில் இதைச் செய்தால் திரவமே பீறிட்டு எரியும். முறையாகச் செய்தால் மைனஸ் 18, 20 வரை இந்த வகை கைகொடுக்கும்.

மேலே மாட்டும் அடுப்பைச் சுற்றித் தகடு வைத்து முழுதாக மூடுவதுதான் கேஸில் நடக்கும் மிக ஆபத்தான தவறு. காற்று நிற்கும், ஆனால் சூடு குப்பிக்கு இறங்கும். குப்பிகளில் 50 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது என்று அச்சிட்டிருப்பார்கள். காற்று வரும் பக்கம் மட்டும் மறைத்து, அவ்வப்போது குப்பியைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் உடனே அணைக்க வேண்டும். குழாய் இணைப்பு அடுப்பில் குப்பி தள்ளி இருப்பதால் சுற்றி மறைக்கலாம். பலமாகக் காற்றடிக்கும் இடங்களில் அந்தக் கூடுதல் 80, 100 கிராமுக்கு நான் தயங்காமல் வாக்களிப்பேன்.

குப்பியின் வாயும் ஒரே மாதிரி இருக்காது. திருகு வாய், அழுத்திப் பூட்டும் வாய், மேசை அடுப்புக்கான நீளக் குப்பி எனப் பல வகை உண்டு. மாற்றி (அடாப்டர்) போட்டு நீளக் குப்பியைப் பயன்படுத்தலாம். ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் வெறும் பியூட்டேன். பாலைவனப் பகலுக்கு அது போதும். உறைநிலை இரவுக்கு ஆகாது.

பெட்ரோலும் மண்ணெண்ணெயும்

ஸ்வீடனில் 1892-இல் பிரைமஸ் அடுப்பு வந்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை: பம்ப் அடித்து அழுத்தம் ஏற்று, சூடான குழாயில் எரிபொருளை ஆவியாக்கி, சின்னத் துளை வழியாக எரியவிடு. அழுத்தத்தைக் கையால் கொடுப்பதால் குளிர் இதைத் தடுக்காது. மைனஸ் 30-இலும் எரியும்.

எடையைக் காரணம் காட்டி இதை விற்பார்கள், அது முழு உண்மையல்ல. மேலே சொன்ன பனிக் கணக்கில் இரண்டு பேருக்கு நாளைக்குச் சுமார் 290 மில்லி பெட்ரோல் ஆகும். 7 நாளுக்கு 2 லிட்டர், 1.5 கிலோ. பாட்டில்களைச் சேர்த்தால் 2 கிலோவை நெருங்கும். அதே வேலைக்கு 450 கிராம் கேஸ் குப்பிகள் மூன்று, ஏறக்குறைய அதே எடை. வித்தியாசம் நம்பகத்தில்தான். கடைசி 100 மில்லியும் முதல் 100 மில்லி போலவே எரியும். எவ்வளவு மிச்சம் என்று பாட்டிலைத் திறந்து பார்க்கலாம். காலிக் குப்பிகளைச் சுமந்து இறங்க வேண்டியதில்லை.

கற்றுக்கொள்ள வேண்டியது ஏற்றும் முறையை. பாட்டிலில் குறித்த கோட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள். மேலே காற்றுக்கு இடம் இல்லாவிட்டால் அழுத்தம் நிற்காது. 15, 20 முறை பம்ப் அடித்து, வால்வை இரண்டு வினாடி திறந்து மூடுங்கள். எரிமுனைக்குக் கீழே, குழாயைச் சூடேற்றுவதற்காக இருக்கும் கிண்ணத்தில் அரைத் தேக்கரண்டி எரிபொருள் தேங்கினால் போதும். பற்றவைத்து, மஞ்சள் சுடர் அடங்கி அணையப் போகும் தருணத்தில் வால்வை மெல்லத் திறக்க வேண்டும். நீலச் சுடரும் இரைச்சலும் வந்தால் சரி. அவசரப்பட்டுத் திறந்தால், ஆவியாகாத பெட்ரோல் அரை மீட்டர் உயரத்துக்குச் சீறி எரியும். கூடாரத்துக்குள் இதை ஒருபோதும் ஏற்றக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அடுப்புகளுக்கென விற்கும் தூய நாப்தாதான் (சேர்மானம் இல்லாத, பெட்ரோல் போன்ற எரிபொருள்) மிகச் சுத்தமாக எரியும். வண்டிக்குப் போடும் பெட்ரோலில் சேர்மானங்கள் இருப்பதால் நாசில் (எரிபொருள் வெளிவரும் அந்தச் சின்னத் துளை) சீக்கிரம் அடைக்கும். மண்ணெண்ணெய் எளிதில் தீப்பிடிக்காது என்பதால் பாதுகாப்பானது, ஆனால் கிண்ணத்தில் அதையே ஊற்றிக் குழாயைச் சூடேற்றினால் கரிப்புகைதான் வரும். அதற்குப் பதில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றுவது நல்லது. பல அடுப்புகளில் பெட்ரோலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் நாசில் வேறு. மாற்றாமல் எரித்தால் மஞ்சள் சுடரும் பாத்திரம் நிறையக் கரியும்தான் மிஞ்சும்.

பழுதுகளும் எப்போதும் அதே மூன்று நான்குதான். பம்ப் அடிக்க அடிக்க அழுத்தம் ஏறவில்லையென்றால் தோல் வாஷர் காய்ந்திருக்கிறது: கழற்றி இரண்டு சொட்டு எண்ணெய் தடவி, விரலால் விளிம்பை விரித்துவிடுங்கள். சுடர் மெலிந்து ஒரு பக்கமாக எரிந்தால் நாசில் அடைப்பு: ஸ்டவ் பின் போட வேண்டும். பம்ப் கழுத்தில் எரிபொருள் கசிந்தால் ரப்பர் வளையம் குளிரில் இறுகியோ வெடித்தோ இருக்கும்: மாற்று வளையம் இல்லாமல் கிளம்பக் கூடாது, கசிவோடு ஏற்றவே கூடாது. ஊற்றும்போது கையில் சிந்துவது இன்னொரு ஆபத்து. மைனஸ் 20-இல் பெட்ரோலும் மைனஸ் 20-இல்தான் இருக்கும், உறையாது. தோலில் பட்டவுடன் ஆவியாகி மேலும் குளிர்வித்து, நொடிகளில் விரலை உறையவைத்துவிடும். கையுறை போட்டுக்கொண்டு ஊற்றுங்கள்.

பனியை உருக்கும்போது, அடியில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து அதன்மேல் பனியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உலர்ந்த பனியை மட்டும் திணித்தால் அடிப்பகுதி உருகி மேலே உறிஞ்சப்பட்டு, பாத்திரத்தின் அடி வெறுமையாகக் காயும்; தண்ணீரில் தீய்ந்த வாடை வரும். அடுப்புக்குக் கீழே 20 சென்டிமீட்டர் சதுரப் பலகை ஒன்று வேண்டும். இல்லையென்றால் சூடு இறங்கி, அடுப்பு சாய்ந்து, அரை மணி நேர உழைப்பு கவிழும். மணலிலும் அதே பலகைதான் கால்.

கார்பன் மோனாக்சைடு விஷயத்தில் எந்தச் சலுகையும் கிடையாது. சில்லென்ற பெரிய பாத்திரம் சுடரை அமுக்கும்போது எரிதல் பாதியில் நின்று அந்த வாயு அதிகமாகும், பனி உருக்குவது சரியாக அந்தச் சூழல்தான். வாசனை இல்லை. தலைவலியும் குமட்டலும் உயர நோய் போலவே தோன்றும். புயலில் கூடார முன்வாசலில் சமைக்க நேர்ந்தால் கீழேயும் மேலேயும் திறப்பு இருக்க வேண்டும்.

ஸ்பிரிட் அடுப்பு

20 கிராம் தகரக் கிண்ணம், அசையும் பாகம் ஒன்றுமில்லை, பழுதாக ஏதுமில்லை. தனியாள், நாளைக்கு ஒன்றரை லிட்டர் வெந்நீர், 4 நாள் என்றால் எரிபொருள், பாட்டில், கிண்ணம் எல்லாம் சேர்ந்து 200 கிராம், கேஸில் 280. பத்து நாளானால் வித்தியாசம் 30, 40 கிராமாகச் சுருங்கும். இரண்டு பேர் பத்து நாள் என்றால் கேஸ்தான் எடை குறைவு.

இதன் எல்லைகள் கறாரானவை. எத்தனால் 13, 14 டிகிரிக்குக் கீழே எளிதில் பற்றாது. பாட்டிலைச் சட்டைப்பையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டு வர வேண்டும். காற்று மறைப்பு இல்லாமல் வெந்நீர் வரவே வராது. பனி உருக்க இதை நம்பக் கூடாது. பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது என்பதுதான் பெரிய ஆபத்து: அணைந்துவிட்டது என்று நினைத்து மேலே ஊற்றினால் தீ பாட்டிலுக்குள் ஏறும். கிண்ணம் கையில் பிடிக்கும் அளவு ஆறும்வரை ஊற்றாதீர்கள். கவிழ்ந்தால் எரியும் திரவம் தரையில் ஓடும். காய்ந்த புதர் நிறைந்த பாலைவன ஓரங்களில் இதனால்தான் வால்வு இல்லாத அடுப்புகளைத் தீத் தடைக் காலத்தில் பல இடங்களில் அனுமதிப்பதில்லை. புறப்படும் முன் அந்தப் பகுதியின் விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வில்லை எரிபொருள் அவசரத்துக்கு. 14 கிராம் வில்லை ஒன்று அரை லிட்டரைக் கொதிக்கவைக்கும், சிந்தாது, கெடாது. வாடையும் பாத்திரத்தில் ஒட்டும் பிசினும் அதிகம். கேஸ் எடுத்துப் போகிறவர் மாற்று ஏற்பாடாக நான்கு வில்லை வைத்துக்கொள்ளலாம். சுள்ளி அடுப்பு மரக்கோட்டுக்கு (மரம் வளரும் உயர எல்லைக்கு) மேல் உதவாது. பாலைவனத்திலும் வேண்டாம், அங்கே பட்ட கட்டை மட்க நெடுங்காலம் ஆகும், அதன் நிழலை நம்பிச் சிற்றுயிர்கள் இருக்கின்றன.

அடுப்பே இல்லாமல்

வெப்பப் பாலைவனத்தில் 3, 4 நாள் நடைக்கு இதுதான் பல நேரம் சரியான விடை. ஆளுக்கு நாளைக்கு 4 முதல் 6 லிட்டர் தண்ணீர் சுமக்கும் இடத்தில் பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை. மணற்காற்று எழுந்தால் எந்த அடுப்பும் ஏறாது. முன்பே வேகவைத்து உலர்த்திய உணவு ஆறிய தண்ணீரிலேயே ஒரு மணி நேரத்தில் ஊறிவிடும். மூடியுள்ள டப்பாவில் போட்டு, முகாமுக்கு ஒரு மணி நேரம் முன்பே ஊறவைத்து நடக்கலாம். மாலையில் சூடாக ஏதாவது குடித்தே ஆக வேண்டும் என்பவர்களுக்குச் சின்ன கேஸ் குப்பி போதும். அதை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடாமல், பையின் நடுவில் துணியில் சுற்றி வைத்து, வாயின் மூடியை எப்போதும் போட்டுவைக்க வேண்டும். திருகும் முன் மரையை ஊதித் துடையுங்கள். ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் கசியும்.

கோபி, லடாக், அட்டகாமா மேட்டுநிலம் போன்ற உயரமான குளிர்ப் பாலைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கே பகல் பாலை, இரவு மலை. ஐசோபியூட்டேன் கலவைக் குப்பியும் குழாய் இணைப்பு அடுப்பும் எடுத்துக்கொள்ளுங்கள், குளிர்காலமென்றால் பெட்ரோல்.

எதை எப்போது

ஓடைத் தண்ணீர் உள்ள மலை, இரவுக் குளிர் மைனஸ் 5-க்குள்: மேலே மாட்டும் கேஸ் அடுப்பு. இரண்டு மூன்று நாள் மட்டும் பனி உருக்க வேண்டும், குளிர் மைனஸ் 18-க்குள்: தலைகீழாக வைக்கும் கேஸ். அதற்கு மேல் நாள்களோ, ஆள்களோ, குளிரோ கூடினால் திரவ எரிபொருள், கூடவே உதிரி வளையம், வாஷர், பின். கேஸ் கிடைக்காத தொலைதூர ஊரிலிருந்து நடை தொடங்கினால் வானிலை எதுவானாலும் மண்ணெண்ணெயும் ஏற்கும் அடுப்பு. தனியாள், மிதமான குளிர், தடை இல்லாத இடம்: ஸ்பிரிட்.

4000 மீட்டரில் தண்ணீர் 87 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பச்சை அரிசியும் பருப்பும் அங்கே வேகாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். உணவை மாற்றினால் மிச்சமாகும் எரிபொருள், அடுப்பை மாற்றுவதால் மிச்சமாவதைவிட அதிகம். அடுப்பில் இருக்கும் பொத்தான் பற்றவைப்பான் அந்த உயரத்தில் பல நேரம் பொய்க்கும். தீப்பெட்டியை நனையாத உறையில் இரண்டு இடத்தில் பிரித்து வையுங்கள்.

எதை வாங்கினாலும், கிளம்பும் முன் வெளியில், காற்று வீசும் ஒரு மாலையில், நீங்கள் கொண்டுபோகும் அதே பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். குப்பியையோ பாட்டிலையோ முன்னும் பின்னும் தராசில் நிறுத்துப் பாருங்கள். அந்த வித்தியாசத்தை நாளைக்கு வேண்டிய லிட்டராலும் நாள் கணக்காலும் பெருக்கி, அதன்மேல் நாலில் ஒரு பங்கு கூட்டி எடுத்துப் போங்கள். பனி உருக்கப் போகிறவர்கள், உருக்க வேண்டிய ஒவ்வொரு லிட்டரையும் கொதிக்க வைக்கும் இன்னொரு லிட்டராக அந்த லிட்டர் கணக்கில் சேர்க்க வேண்டும்.